கற்பனை அணி! நிஜ மனிதர்கள்!

2024-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந் தேதி. திங்கட்கிழமை இரவு.

அமெரிக்காவில் டல்லஸ் நகர அணிக்கும் சின்சினாட்டி நகர அணிக்கும் கால்பந்து ஆட்டம் நடந்தது. ஆட்டம் முடிய ஏறக்குறைய இரண்டே நிமிடம் இருந்தது. இரண்டு அணிகளும் 20-க்கு 20 என்று சமமாக நின்றன.

சின்சினாட்டி ஆட்டக்காரர் பந்தை உதைத்தார். டல்லஸ் வீரர்கள் பாய்ந்து அதைத் தடுத்துவிட்டார்கள். பந்து தரையில் உருண்டது. அதைத் தொடாமல் விட்டிருந்தால் பந்து டல்லசுக்குச் சொந்தம். ஆனால், ஒரு டல்லஸ் வீரர் அவசரப்பட்டு அதைப் பிடிக்கப் போனார். பந்து கை நழுவியது. சின்சினாட்டி வீரர்கள் அதை அமுக்கிக்கொண்டார்கள்!

சற்று நேரத்தில், ஜமார் சேஸ் என்ற சின்சினாட்டி வீரர் பந்தை வாங்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினார். 40 கஜ தூரம்! சின்சினாட்டி 27-20 என்று வெற்றி பெற்றது.

டல்லஸ் ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அது இயற்கை. ஆனால், அந்த இரண்டு ஊர்களோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத எத்தனையோ வீடுகளிலும் அதே நேரத்தில் கூச்சல் எழுந்தது. ஒரு வீட்டில், "ஜெயித்துவிட்டோம்!" என்ற குதிப்பு. இன்னொரு வீட்டில், "போச்சு! எல்லாம் போச்சு!" என்ற புலம்பல்.

காரணம், "பேன்டசி புட்பால்" என்ற கற்பனைக் கால்பந்து. பெரும்பாலான கற்பனை லீக்குகளில் அன்றுதான் லீக் சுற்றின் கடைசி இரவு!

இது என்ன ஆட்டம்?

அமெரிக்கக் கால்பந்து நம் ஊரில் ஆடும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் அதற்கு "டச் டவுன்" என்று பெயர்.

கற்பனைக் கால்பந்தில் யாரும் ஓட வேண்டாம். விழ வேண்டாம். நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி உட்கார வேண்டும். வரிசை யாருக்கு எப்படி என்று சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் முறை வைத்து, நிஜ ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் எடுத்த பெயரை இன்னொருவர் எடுக்கக் கூடாது. இப்படிப் பதினைந்து பேர் சேர்ந்தால் ஓர் அணி தயார். ஆனால் அந்த அணி மைதானத்தில் கிடையாது. காகிதத்தில்தான் உண்டு. இப்போது கைப்பேசியில்!

நிஜ ஆட்டக்காரர் 10 கஜம் ஓடினால் ஒரு புள்ளி. டச் டவுன் செய்தால் 6 புள்ளி. வாரா வாரம் இரண்டு நண்பர்களின் கற்பனை அணிகள் மோதும். யாருடைய ஆட்களுக்குப் புள்ளி அதிகமோ அவருக்கு வெற்றி. பெரும்பாலும் 14 வாரம் லீக் சுற்று. அதில் மேலே வந்தவர்களுக்கு அடுத்த மூன்று வாரம் இறுதிச் சுற்றுகள்.

தோல்வியில் பிறந்தது

இந்த ஆட்டம் பிறந்த கதை வேடிக்கையானது.

1962-ம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்டு நகர அணி தோல்வி மேல் தோல்வி கண்டது. வரிசையாக 13 ஆட்டங்களில் உதை! கடைசி ஆட்டத்தில் மட்டும் வெற்றி.

அந்த அணியில் ஒரு சிறு பங்கு வைத்திருந்தவர் வில்பிரட் விங்கன்பாக் என்ற வியாபாரி. அவர் அணியோடு நியூயார்க் போயிருந்தார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியைப் பார்த்துப் பார்த்து எத்தனை நாள் பெருமூச்சு விடுவது? ஓட்டல் அறையில், பத்திரிகை நிருபர் ஒருவரையும் அணியின் விளம்பர அதிகாரியையும் வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதினார்.

1963-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஓக்லண்டில் அவருடைய வீட்டில் முதல் தேர்வு நடந்தது. மொத்தம் 8 அணிகள். பந்தயம் வெறும் சில்லறைக் காசு. அன்று முதலில் எடுக்கப்பட்ட பெயர் ஜார்ஜ் பிளாண்டா.

தோற்றவர்களும் சிரிப்பதற்காகக் கண்டுபிடித்த ஆட்டம் இது. இதை மறக்கக் கூடாது. ஏனென்றால், இன்று பலர் அதைத்தான் மறந்துவிட்டார்கள்!

யானைக்கும் அடி சறுக்கும்

2024-ம் ஆண்டு லீக் சுற்றைத் திரும்பிப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருபவர் சான்பிரான்சிஸ்கோ அணியின் கிறிஸ்டியன் மெக்காப்ரி.

2023-ல் அவர் 1,459 கஜம் ஓடினார். அந்த ஆண்டு அவரைவிட அதிகம் ஓடியவர் யாரும் இல்லை. மொத்தம் 21 டச் டவுன்! அதனால் 2024 ஆகஸ்டில் எந்த வீட்டில் தேர்வு நடந்தாலும் முதல் சீட்டு விழுந்தவர் பெரும்பாலும் அவர் பெயரைத்தான் சொன்னார். "எனக்கு லாட்டரி அடித்தது" என்று குஷிப்பட்டார்.

பலன் என்ன? மெக்காப்ரிக்குக் குதிகால் தசைநாரில் வீக்கம். முதல் 8 ஆட்டங்களில் அவர் இறங்கவே இல்லை. நவம்பரில் திரும்பி வந்தார். டிசம்பர் 1-ந் தேதி, பப்பலோ நகரில் பனி கொட்டும்போது முழங்காலில் அடி. அதோடு அந்த ஆண்டு முடிந்தது. மொத்தம் 4 ஆட்டம். 202 கஜம் ஓட்டம். டச் டவுன் ஒன்றுகூட இல்லை!

அவருக்குப் பதிலாக முதல் ஆட்டத்தில் இறங்கியவர் ஜோர்டான் மேசன். 2022-ம் ஆண்டு நடந்த புதியவர்கள் தேர்வில் எந்த அணியும் சீண்டாத பையன். அன்று 147 கஜம் ஓடிக் காட்டினார். பெரிய பெயரை நம்பியவர்கள் தவித்தார்கள். கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்கள் மேசனைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

விட்டவர் கையில் வெறுமை

அடுத்தவர் சேக்வான் பார்க்லி. நியூயார்க் "ஜெயன்ட்ஸ்" அணியில் 6 ஆண்டு ஆடியவர். இடையில் முழங்கால் தசைநார் அறுந்து ஓராண்டு வீணானது. 2024 மார்ச்சில் நியூயார்க் அணி அவரை விட்டுவிட்டது. பிலடெல்பியா அணி எடுத்துக்கொண்டது.

செப்டம்பர் 6-ந் தேதி, பிரேசில் நாட்டின் சாவோ பாலோ நகரில் புதிய அணிக்காக முதல் ஆட்டம். முதல் நாளே 3 டச் டவுன்! அக்டோபரில் பழைய அணியான நியூயார்க்கையே எதிர்த்து 176 கஜம்! நவம்பர் 24-ந் தேதி லாஸ் ஏஞ்சல்சில் 255 கஜம்! ஆண்டு முடிவில் மொத்தம் 2,005 கஜம். இந்தப் பெரிய லீக்கின் சரித்திரத்தில் 2,000 கஜத்தைத் தாண்டிய ஒன்பதாவது ஆள் அவர்.

பால்டிமோர் அணிக்குப் புதிதாக வந்த டெரிக் ஹென்றியும் அப்படித்தான். வயது 30. ஓடும் ஆட்டக்காரர்களுக்கு அது கிழ வயது என்பார்கள். "கிழவர்" ஓடிய தூரம் 1,921 கஜம்!

போன வருடத்துப் பெருமை இந்த வருடம் சோறு போடாது. போன வருடத்துத் தாழ்வும் இந்த வருடம் குழி பறிக்காது. இது கற்பனைக் கால்பந்துக்கு மட்டுமா? குடும்பத்துக்கும் பொருந்தும் பாடம்தான்.

ஊர் தோற்றது, பெயர் ஜெயித்தது

நவம்பர் 7-ந் தேதி ஜமார் சேஸ் பால்டிமோர் அணியை எதிர்த்து 264 கஜம் எடுத்தார். 3 டச் டவுன் செய்தார். கற்பனைக் கணக்கில் அது 44 புள்ளி. அவர் பெயரை வைத்திருந்தவர்கள் ஆனந்தக் கூத்தாடினார்கள். ஆனால், அன்று அவருடைய அணி 34-35 என்று ஒரே புள்ளியில் தோற்றது. சேஸ் தலை குனிந்து வெளியேறினார்.

இங்கேதான் இந்த ஆட்டத்தின் கோளாறு தெரிகிறது. ஒருவன் நெஞ்சு வெந்து நிற்கும் இரவில், அவன் பெயரைச் சொல்லி இன்னொருவன் விருந்து சாப்பிடுகிறான். மனிதன் மறைந்துவிடுகிறான். எண் மட்டும் தெரிகிறது!

எண் மட்டும் தெரிந்தால் என்ன ஆகும்? ஆட்டக்காரருக்குக் கால் முறிந்தால், "ஐயோ பாவம்" என்று வாய் சொல்லாது. "என் புள்ளி போயிற்றே" என்றுதான் சொல்லும். இன்னும் சிலர் அதோடு நிற்பதில்லை. அடிபட்டுக் கிடக்கும் ஆட்டக்காரருக்கே வசைச் செய்தி அனுப்புகிறார்கள். பல ஆட்டக்காரர்கள் இதை வெளிப்படையாகச் சொல்லி வருந்தியிருக்கிறார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! தேர்ந்தெடுத்தவர் இவர். ஆசைப்பட்டவர் இவர். ஆனால் திட்டு மட்டும் ஓடிக் களைத்தவனுக்கு! இது எந்த ஊர் நியாயம்?

பணம் புகுந்தால் இந்த நோய் முற்றும். பணம் கட்டியவனுக்கு ஆட்டக்காரரின் கால், கால் அல்ல. காசு! 2006-ம் ஆண்டு இன்டர்நெட் சூதாட்டத்துக்குக் கடிவாளம் போட்ட அமெரிக்கச் சட்டம் கற்பனை ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. இந்தியாவிலும் கிரிக்கெட்டை வைத்து இதே மாதிரி ஆட்டம் பெருகியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது. சட்டம் ஊருக்கு ஊர் மாறலாம். ஆனால் வீட்டுக்கு வேண்டிய சட்டம் ஒன்றுதான். குழந்தையின் பால் காசு பந்தயத்துக்குப் போகக் கூடாது.

அன்று நின்ற கணக்கு

2023-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி இரவு நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். சின்சினாட்டி நகரில் பப்பலோ அணி ஆடியது. பல கற்பனை லீக்குகளுக்கு அதுதான் இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டம்.

பப்பலோ அணியின் டமார் ஹாம்லின், வயது 24, எதிராளியைத் தடுத்துச் சாய்த்தார். எழுந்து நின்றார். மறு விநாடி அப்படியே பின்னால் விழுந்தார். இதயம் நின்றுவிட்டது!

மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிர் கொடுத்தார்கள். சக வீரர்கள் சுற்றி நின்று அழுதார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு ரத்தே செய்யப்பட்டது.

ஹாம்லின் தடுப்பு ஆட்டக்காரர். பெரும்பாலான கற்பனை லீக்குகளில் தடுப்பு ஆட்டக்காரருக்குத் தனிப் புள்ளி கிடையாது. அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் அன்று இரவு பல லீக்குகளில் கணக்கு நோட்டை மூடிவிட்டார்கள். இறுதிப் போட்டியில் இருந்த இருவரும், "வெற்றி இருவருக்கும் பொது" என்று கை குலுக்கிக்கொண்டார்கள். ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க ஹாம்லின் 2,500 டாலர் திரட்ட நினைத்துத் தொடங்கிய நிதிக்கு, ஜனங்கள் 80 லட்சம் டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்தார்கள்.

ஹாம்லின் பிழைத்தார். மறுபடி மைதானத்துக்கு வந்தார். 2024 செப்டம்பரில், எதிராளி எறிந்த பந்தை இடைமறித்துப் பிடித்தார். பெரிய லீக்கில் அப்படி அவர் பிடித்த முதல் பந்து அது. அதற்காக எத்தனையோ பேர் கை தட்டினார்கள். தங்கள் புள்ளிக்காக அல்ல. அவருக்காக!

ஆடட்டும், ஆனால்...

கற்பனைக் கால்பந்து கெட்ட ஆட்டம் அல்ல. ஊர் விட்டு ஊர் போய்ச் சிதறிய நண்பர்களை வாரா வாரம் அது பேச வைக்கிறது. தகப்பனையும் மகனையும் ஒரே சோபாவில் உட்கார வைக்கிறது. கடைசி இடத்துக்கு வந்தவர் ஓர் அப்பக் கடையில் 24 மணி நேரம் உட்கார வேண்டும், ஓர் அப்பம் தின்றால் ஒரு மணி நேரம் தள்ளுபடி என்று சில கூட்டாளிகள் தண்டனை வைக்கிறார்கள். வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். இதில் யாருக்கு நஷ்டம்? அப்பம் தின்றவருக்குக் கொஞ்சம் வயிற்று வலி. அவ்வளவுதான்!

அந்த ஓட்டல் அறையில் இதைத் தொடங்கியவர்கள், தோல்வியை மறந்து சிரிக்கத்தான் தொடங்கினார்கள். அந்தச் சிரிப்பு இருக்கும்வரை ஆட்டம் நல்ல ஆட்டம். சிரிப்புப் போய் வசவு வந்துவிட்டால், அன்றே நோட்டை மூடிவிடலாம்.

பருவம் முடிந்ததும் எல்லோரும் புள்ளியைக் கூட்டிப் பார்க்கிறார்கள். இன்னொன்றையும் கூட்டிப் பார்க்கட்டும். அடிபட்டவனுக்காக எத்தனை முறை மனம் இரங்கியது? தோற்ற நண்பனின் தோளில் எத்தனை முறை கை விழுந்தது?

அந்தக் கணக்கில் முதலில் வருபவர்தான் உண்மையான சாம்பியன்!