டிஎக்ஸ் ஒட்டுவால் அல்ல

தொகை நுண்கணிதத்தில் பிரதியிடல் முறை வந்ததும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எதை ‘யு’ என்று வைக்க வேண்டும் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம். கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மறுபக்கம். கணக்கின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் டிஎக்ஸை மட்டும் இரு தரப்பும் கண்டுகொள்வதில்லை.

ஒரு கணக்கு. எக்ஸ் வர்க்கத்தோடு 1 கூட்டி, அதன் முப்படியை 2எக்ஸால் பெருக்கி, 0 முதல் 2 வரை தொகையிட வேண்டும். எக்ஸ் வர்க்கம் கூட்டல் 1-ஐ யு என்று வைத்தால், 2எக்ஸ் டிஎக்ஸ் முழுவதும் டியு ஆகிவிடும். யுவின் முப்படியைத் தொகையிட்டால் நாற்படியில் கால் பங்கு. இதுவரை எல்லாரும் வந்துவிடுவார்கள். அடுத்த வரியில்தான் சறுக்கல்: பழைய 0, 2 எல்லைகளையே போட்டு, விடை 4 என்பார்கள். எக்ஸ் 0 என்றால் யு 1. எக்ஸ் 2 என்றால் யு 5. சரியான விடை 156. நானும் 4 என்று எழுதியவன்தான். விடைத்தாளில் சிவப்பு மையில் சுழித்திருந்தது. ஏன் தவறு என்று யாரும் சொல்லவில்லை.

மனை வாங்கியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்ட் விலையைச் சதுர அடிக் கணக்கால் பெருக்கினால் தரகரே மயங்கி விழுவார். அளவு மாறினால் மாற்று விகிதமும் கூடவே வர வேண்டும். பிரதியிடலும் அளவுகோலை மாற்றும் வேலைதான். ஆனால் இங்கே விகிதம் இடத்துக்கு இடம் வேறு. எக்ஸ் 1-லிருந்து 1.01-க்கு நகர்ந்தால் யு 2-லிருந்து 2.0201-க்குப் போகிறது, ஏறத்தாழ இரு மடங்கு. எக்ஸ் 2-லிருந்து 2.01-க்கு நகர்ந்தால் யு 5-லிருந்து 5.0401-க்கு, ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த மடங்குதான் 2எக்ஸ். அதை எடுத்துவிட்டு முப்படியை மட்டும் தொகையிடச் சொன்னால் இந்த வித்தை பலிக்காது. விரித்து எழுதித்தான் போட வேண்டும்.

லைப்னிட்ஸும் 1675 அக்டோபர் 29 அன்று தொகைக் குறியை முதலில் எழுதியபோது டிஎக்ஸ் போடவில்லை. அடுத்த மாதமே சேர்த்துக்கொண்டார். கண்டுபிடித்தவருக்கே தேவைப்பட்டதை நாம் சடங்காக்கிவிட்டோம்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரையும் கவிழ்க்கும் கணக்கு ஒன்று உண்டு. 1-ஐ, 1 கூட்டல் எக்ஸ் வர்க்கத்தால் வகுத்து, −1 முதல் 1 வரை தொகையிடுங்கள். விடை ‘பை’யில் பாதி, ஏறத்தாழ 1.57. இப்போது யு என்பது எக்ஸின் தலைகீழி என்று வையுங்கள். எல்லைகள் மறுபடியும் −1, 1. கணக்கும் அதே உருவம். முன்னால் மட்டும் ஒரு கழித்தல் குறி. ஒரு தொகை தன் எதிர்க்குறிக்கே சமம் என்றால் அது பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்! கோளாறு நடுவில் இருக்கிறது. எக்ஸ் 0-ஐத் தாண்டும்போது தலைகீழி அறுந்துபோகிறது. −1-ல் புறப்பட்ட யு, குறை முடிவிலிக்கு ஓடி மறைந்து, மறுகோடியில் மிகை முடிவிலியில் தலைகாட்டி 1-க்கு இறங்குகிறது. −1-க்கும் 1-க்கும் இடையில் உள்ள பாதையை அது மிதிக்கவே இல்லை. நாமோ அந்தப் பாதையில்தான் தொகையிட்டோம்.

பொதுத்தேர்வுக்கு இது வராமல் போகலாம். வகுப்பில் கேட்டுப் பார்க்க ஒரு பீரியட் போதும்.