கால்குலேட்டருக்கு ஒரு விளக்கு

மூணும் எட்டும் ஒண்ணா? கேட்டா சிரிப்பீங்க. எனக்கு ஒரு நாள் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது.

ஜார்க்கண்ட், தும்கா பக்கம். இங்கே டிசம்பரில் அஞ்சு மணிக்கே பொழுது சாஞ்சிடும். மகளிர் குழுக் கூட்டம், மரத்தடியில் பாய். கடன் பாக்கியைக் கூட்டி, கால்குலேட்டரைப் பார்த்து "பதினெட்டாயிரத்து நானூத்தி அறுபது" என்று என் அரைகுறை இந்தியில் சொன்னேன். குழுத்தலைவி தீதி முகம் வாடிப் போச்சு. ஒரு கேள்வி கேட்கலை. பக்கத்தில் இருந்தவங்ககிட்ட கடன் கேட்க ஆரம்பிச்சிட்டாங்க. சந்தேகப்பட்டு செல்போன் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பார்த்தால் பதிமூணாயிரம்! "மேனேஜர் பாபு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கைக்கு அஞ்சாயிரம் ரூபாய் தண்டம் கட்டியிருப்பாங்க.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரும் கையுமா உட்கார்ந்தேன். (தங்கமணி பார்த்த பார்வை தனிப் பதிவு.)

எல்சிடி தானாக ஒளி விடாது. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு என போலரைசர் தாள்கள். பின்தாளோடு ஒரு பிரதிபலிப்புத் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் பின்னாலிருந்து வெளிச்சம் வராது. உரித்தேன், போலரைசரும் கூடவே வந்துடுச்சு. எண்களே காணோம், வெறும் கண்ணாடி! பழைய உடைந்த எல்சிடியிலிருந்து தாளை வெட்டி வைத்தால் கறுப்பில் வெள்ளை எண்கள். தொண்ணூறு டிகிரி திருப்பியதும் சரியாச்சு. பின்னால் அக்ரிலிக் துண்டு, மேலே ட்ரேசிங் பேப்பர், ஓரத்தில் ஒரு வெள்ளை எல்இடி. கால்குலேட்டரின் 1.5 வோல்ட் அதுக்குப் பத்தாது. தனியாக 3 வோல்ட் பட்டன் பேட்டரி, அழுத்தினால் மட்டும் எரியும் சுவிட்ச். பகலில் எண்கள் முன்னைவிடக் கொஞ்சம் மங்கல்தான், பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடியையும் போர்டையும் இணைக்கும் கோடு போட்ட ரப்பர் பட்டை நகர்ந்தால் எண்ணில் சில கோடுகள் வராது. எட்டில் நடுக்கோடு போனால் சைபர், இடப்பக்க ரெண்டு கோடு போனால் மூணு. மூடியதும் எல்லா இடத்திலும் எட்டு போட்டுப் பாருங்க.

விளக்கு இல்லாதது கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். 1972ல் வந்த ஹெச்பி-35ல் சிவப்பு எல்இடி எண்கள் தானே ஒளிரும், பேட்டரியையும் தின்னும். எல்சிடி ஜெயித்ததே வெளிச்சம் போடாததால்தான். ஆனால் கைக்கடிகாரத்துக்கு பட்டன் விளக்கு எத்தனையோ வருஷமா இருக்கே? தேவைப்படும்போது மட்டும் எரிந்தால் பேட்டரி என்ன கரைந்தா போகும்? கடைவீதி வியாபாரி, பால் சொசைட்டி, நம்ம மாதிரி கிராமக் கிளை ஆளுங்க என விடியலிலும் அந்தியிலும் கணக்குப் போடுறவங்களைக் கம்பெனிக்காரங்க நினைச்சே பார்க்கலை என்பதுதான் என் புகார்.

"போன்லயே கால்குலேட்டர் இருக்கே சார்" என்பீங்க. இருக்கு. ஆனால் அது என் போன், என் கையில். நான் சொல்றதை அவங்க நம்பணும். இதைப் பாயின் நடுவில் வைக்கலாம், பெரிய பட்டன், அவங்களே தட்டிப் பார்க்கலாம். கடன் கட்டுறவங்க கண்ணுக்குத் தெரியாத கணக்கு கணக்கே இல்லை.

போன கூட்டத்தில் அதே தீதி விளக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எண்ணா வாசிச்சாங்க. ரெண்டு தரம் கூட்டச் சொன்னாங்க. சந்தோஷமா கூட்டினேன்.