கணினி மூழ்குவதில்லை

“செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது சாமி, இனி மனிதன் சிந்திக்க வேண்டியதில்லை” என்று காசிமேட்டில் கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கூறினார். அவருடைய தந்தை முப்பது ஆண்டுகளாக விசைப்படகு ஓட்டுபவர். தந்தையின் அறிவை மகன் இத்துணை எளிதாகத் தள்ளிவிட்டதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க இயலவில்லை.

இயந்திரத்தை நான் பழிக்கவில்லை. நம் மீனவருக்குப் பழக்கமான ஒரு கணிப்பையே எடுத்துக்கொள்வோம். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடற்பரப்பின் வெப்பத்தையும் நீரிலுள்ள பச்சையத்தையும் கொண்டு மீன் திரளக்கூடிய இடங்களை அறிவிக்கின்றது. அலைச்சல் குறைகிறது, டீசல் மிஞ்சுகிறது. நல்லதே. ஆனால் அது கூறுவது ‘அங்கே மீன் இருக்கக்கூடும்’ என்பதை மட்டுமே. இன்று புறப்படலாமா, காய்ச்சலோடு வந்து நிற்கும் தொழிலாளியை ஏற்றலாமா, வலை நிறையாமலே திரும்பிவிடலாமா என்பவற்றை முடிவு செய்பவர் யார்? காற்றையும் நீரின் நிறத்தையும், நீரோட்டம் வன்னியா தெண்டியா என்பதையும் பார்த்து, உடன் வந்தோரின் உயிருக்குப் பொறுப்பேற்கும் ஒரு மனிதர். அவர் கணிப்புத் தவறினால் அவரும் மூழ்குவார். கணினி மூழ்குவதில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தூய தோமா அக்குவினா, கடந்ததை நினைவிற்கொள்வதையும், பிறரிடம் கற்கும் பணிவையும், வரவிருப்பதை நோக்குவதையும் முன்மதியின் கூறுகளாக வைத்தார். நம் படகோட்டி அந்நூலைப் படித்தவரல்லர். படிக்காமலே அதன்படி நடப்பவர். அப்புனிதரின் திருநாளாகிய 2025 சனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட ‘ஆந்திக்குவா எத் நோவா’ என்னும் ஆவணமும், அறிவைப் பணி முடிக்கும் திறனாக மட்டும் சுருக்குவதை மறுக்கின்றது.

‘மனிதன் தவறுவதில்லையா?’ எனக் கேட்பர். தவறுகிறான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த குமரி மீனவர் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கணிப்பு எவ்வளவு கூர்மையாயினும், அதைக் கொண்டு சேர்க்கத் தவிக்கும் ஓர் உள்ளம் வேண்டுமே! காணாமற்போனோரைத் தேடி மீனவர் தங்கள் படகுகளிலேயே கடலில் இறங்கினர். ‘இந்த நீரோட்டத்தில் விழுந்தவன் எங்கே ஒதுங்குவான்?’ என்று எண்ணியது சிந்தனை. ‘நான் போகாவிட்டால் அவனுக்கு யார் போவார்?’ என்று எண்ணியதும் சிந்தனைதான். முன்னதை ஒருநாள் இயந்திரம் நம்மினும் நன்றாகச் செய்யலாம். பின்னது அதற்கு எழவே எழாது.

நம் பீடங்களும் குற்றமற்றவை அல்ல. மறையுரையை இயந்திரத்திடம் எழுதி வாங்கும் குருக்கள் உண்டென்று கேள்விப்படுகிறேன். எந்தத் துக்க வீட்டிலும் அழுதிராத ஒன்று ஆறுதல் மொழி எழுதித் தர, மக்கள் ‘ஆமென்’ சொல்ல வேண்டுமாம்!

அந்த மாணவரிடம் ஒன்று சொன்னேன்: “தம்பி, தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று படகுகள் புறப்படும்போது அப்பாவோடு ஒருமுறை போய் வா. கைப்பேசியையும் எடுத்துச் செல். வலையை எங்கே விரிப்பதென்று அது சொல்லட்டும். எப்போது திரும்புவதென்று அப்பாவைக் கேள்.”

இன்னும் அவர் விடை கூறவில்லை.