தீவனத் தொட்டியும் குப்பைமேடும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் 28 மாலை, நம் பங்கு மன்றத்தில் இளைஞர்கள் ஒரு திரைப்படத்தைத் திரையிட்டார்கள். ஜப்பானிய இயக்குநர் சத்தோஷி கோன் 2003-இல் உருவாக்கிய 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்'. கார்ட்டூன் படம் என்று கேள்விப்பட்டுப் பேரப் பிள்ளைகளோடு பலர் வந்திருந்தனர். அரை மணி நேரம் ஆகியிருக்காது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து நம்மிடம் வந்தார். "நல்ல நாளும் அதுவுமாகக் குப்பைமேட்டையா சுவாமி காட்டுவது?" என்று கேட்டுவிட்டு, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். ஆலயத்திற்கு நாள் தவறாமல் வருபவர், நம் மதிப்பிற்குரியவர். அன்று நாம் மறுமொழி கூறவில்லை. இன்று கூற விழைகிறோம். ஏனெனில் அக்கேள்வி அவருடையது மட்டுமன்று; நம் இல்லங்கள் பலவற்றின் கேள்வி அது.

அப்படத்தின் கதை எளியது. கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தின இரவு. டோக்கியோ நகரத் தெருவில் வீடற்று வாழும் மூவர்: குடிக்கு அடிமையான நடுவயது மனிதர், ஒரு திருநங்கை, தந்தையைக் கத்தியால் குத்திவிட்டு ஓடிவந்த சிறுமி. பின்னர் கிடைக்கும் இலவச உணவை எதிர்பார்த்துத்தான் அவர்கள் மறையுரைக்குச் செவிமடுக்கிறார்கள். அதன்பின் குப்பையைக் கிளறும்போது அழுகுரல் கேட்கிறது. கைவிடப்பட்ட ஒரு பெண் குழந்தை! 'தூய குழந்தை' எனப் பொருள்படும் கியோக்கோ என்று திருநங்கை அதற்குப் பெயரிடுகிறார். அதன் தாயைத் தேடி மூவரும் பனியில் நடக்கிறார்கள். ஒரு குழந்தையின் பொருட்டு மூவர் மேற்கொள்ளும் பயணம் யாரை நினைவூட்டுகிறது என்று மறைக்கல்வி படிக்கும் சிறுவனும் சொல்லிவிடுவான்.

குப்பைமேடு நமக்கு அருவருப்பூட்டுகிறது. தீவனத் தொட்டி ஏன் அருவருப்பூட்டவில்லை? மாட்டின் எச்சில் படிந்த தொட்டி அன்றோ அது! விடுதியில் இடம் கிடைக்காத ஏழைத் தாய் வேறு வழியின்றித் தன் மகனைக் கிடத்திய இடம் என்றுதான் லூக்கா சொல்கிறார். நாமோ அதன்மேல் பஞ்சை ஒட்டி, வண்ண விளக்குகளைச் சுற்றி, நாற்றத்தை அகற்றிவிட்டோம். இன்னொன்றையும் அப்பெரியவருக்கு அன்போடு நினைவூட்டுவோம். அன்று மாசில்லாக் குழந்தைகளின் திருவிழா. ஏரோது பச்சிளங் குழந்தைகளை வெட்டிக் கொன்ற நற்செய்திப் பகுதியைக் காலைத் திருப்பலியில் நாம் வாசித்தோம். அவரும் அங்கிருந்தார். அப்போது எழுந்து செல்லவில்லை. விழாவின் மறுநாளே முதல் மறைசாட்சியான புனித முடியப்பரையும், நான்காம் நாள் இக்குழந்தைகளையும் திருஅவை குடிலின் அருகே நிறுத்தியது தற்செயலாகவா?

கைவிடப்படும் குழந்தைகள் ஜப்பானியக் கற்பனை என்றும் எவரும் சொல்ல வேண்டாம். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மண் நம்முடைய தமிழ்நாடு.

எது விழாவுக்குத் தகுந்த படம் என்று தீர்ப்பிடுவதில் நாம் முன்பும் தவறியிருக்கிறோம். 1947-இல் அமெரிக்காவில் 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' வெளிவந்தது. பெரிய அங்காடியொன்றில் வேலைக்கு அமர்த்தப்பட்ட முதியவர் தாமே உண்மையான கிறிஸ்துமஸ் தாத்தா என்கிறார். அதை நீதிமன்றம் விசாரிக்கிறது. திரைப்படங்களைத் தரம்பிரித்த கத்தோலிக்க ஒழுக்கக் காப்பு அணி அப்படத்தை 'ஓரளவு ஆட்சேபத்துக்குரியது' என்ற பிரிவில் வைத்தது. காரணம், அதில் வரும் தாய் மணமுறிவு பெற்றவர்! விழாவின் மையம் குடிலிலிருந்து கடைவீதிக்கு இடம்பெயர்ந்திருந்ததே, அது ஆட்சேபமாகத் தோன்றவில்லை. காயப்பட்ட பெண் கண்ணுக்குத் தெரிந்தார். காணாமற்போன கிறிஸ்து தெரியவில்லை. இனிப்பான படங்களைப் பற்றிய நம் முறையீடு இதுவே. அவை தீயவை அல்ல. பிறந்தவர் இல்லாமலேயே பிறந்தநாளைக் கொண்டாட நம்மைப் பழக்குபவை.

1946-இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' இன்று இனிய குடும்பப் படமாகப் போற்றப்படுகிறது. ஆனால் அதன் நாயகன் விழாவின் முந்தின இரவில், 8,000 டாலர் காணாமற்போனதால், பாலத்தில் நின்று உயிரை மாய்க்க எண்ணுகிறான். பணத்தை ஒளித்த செல்வந்தருக்கு இறுதிவரை தண்டனையே இல்லை. வங்கி முதலாளியைக் கொடியவராகக் காட்டுவது பொதுவுடைமையாளரின் உத்தி என 1947-இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் குறிப்பொன்று ஐயுற்றது. படம் இழப்பில் முடிந்தது. 1974-இல் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமற்போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணமின்றி ஆண்டுதோறும் ஒளிபரப்பின. மக்கள் அப்போதுதான் அதைக் கண்டுகொண்டார்கள். ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்டதே இன்று விழாவின் அடையாளம்.

திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் அப்படமும் உண்டு. போலந்து இயக்குநர் கிஷ்லோவ்ஸ்கியின் 'டெக்கலாக்' வரிசையும் உண்டு. பத்துக் கட்டளைகளைச் சார்ந்த அவ்வரிசையின் மூன்றாம் படம் வார்சா நகரின் விழா இரவில் நிகழ்கிறது. வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரிடம் முன்னாள் காதலி வந்து, தன் கணவரைக் காணவில்லை என்கிறாள். குடும்பத்தை விட்டு அவளோடு விடியும்வரை அலைகிறார். அவள் சொன்னது பொய். அவ்விரவைத் தனியே கழிக்க நேர்ந்தால் இறந்துவிடுவதென்று முடிவெடுத்திருந்தாள். போலந்துக் குடும்பங்கள் அன்றைய இரவு விருந்தில் எதிர்பாராத விருந்தினருக்காக ஓரிடத்தைக் காலியாக விடுவது வழக்கம். அவ்விருந்தினர் இப்படிப் பழைய பாவத்தின் முகத்தோடும் பொய்யோடும் வந்தால் என் செய்வோம்? திருநாளைத் தூயதாக அனுசரிப்பது எப்படி? இதற்குப் படம் எளிதான விடை தரவில்லை.

குருக்களாகிய நமக்கும் ஓர் அடி விழ வேண்டும். 1914 டிசம்பரில் விழாவையொட்டியேனும் போரை நிறுத்துமாறு திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் வேண்டினார். அரசுகள் செவிசாய்க்கவில்லை. ஆயினும் பதுங்குகுழிகளிலிருந்த எளிய வீரர்கள் பல இடங்களில் தாமாகவே வெளிவந்து பகைவரோடு கைகுலுக்கினர். இதைச் சொல்லும் 2005-ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் படம் 'ஜுவாயே நோயெல்'. இரு தரப்பு வீரர்களுக்கும் வழிபாடு நடத்திய குருவை அவருடைய ஆயரே கண்டித்துத் திருப்பி அனுப்புகிறார்; புதிதாக வந்த வீரர்களிடம் பகைவரைக் கொல்லுமாறு மறையுரையும் ஆற்றுகிறார். அதைக் கேட்ட குரு தம் சிலுவையைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கிறார். அக்காட்சியைக் கண்ட இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பாலன் இயேசுவின் பெயரால் நாம் ஆற்றிய மறையுரைகள் யாருக்குத் துணை நின்றன?

அப்படியானால் மாறுபட்ட படம் எதுவாயினும் நன்றா? அன்று. 1984-இல் 'சைலன்ட் நைட், டெட்லி நைட்' என்ற படம் கிறிஸ்துமஸ் தாத்தா உடையில் ஒரு கொலைகாரனை உலவவிட்டது. பெற்றோர் எதிர்த்தனர், படம் திரையரங்குகளிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அதிர்ச்சி தருவதாலேயே ஆழம் வந்துவிடாது. 1988-இன் 'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படமா என்று ஆண்டுதோறும் வாதிடுகிறார்கள். வானளாவிய கட்டடத்தில் விழா விருந்தும் துப்பாக்கிச் சண்டையும் உண்டு. ஆனால் நம் பார்வையில் விழா அங்கே பெரிதும் தோரணமே. நம் உரைகல் ஒன்றுதான்: இடமில்லாதவர்க்கு இப்படம் நம் நெஞ்சில் இடம் உண்டாக்குகிறதா?

சிறு பிள்ளைகளைத் தனியே இப்படங்களின் முன் அமர்த்த வேண்டாம். அப்பெரியவரின் கவலையில் அவ்வளவு உண்மை உண்டு. அறிமுகம் செய்யாமல் திரையிட்டது நம் பிழை. ஆனால் வளர்ந்த நாம் விடுமுறை இரவு ஒன்றில் குடும்பமாக அமர்ந்து இவற்றுள் ஒன்றைக் காண்போம். முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுவோம். எழுந்து சென்ற அப்பெரியவரை வரும் டிசம்பரில் மீண்டும் அழைக்கவிருக்கிறோம். முன்வரிசையில் அவருடைய நாற்காலி அப்படியே இருக்கும்.