நம்ம பிஎஃப் பணத்துக்கும் ஓட்டு இருக்கு. அதை யார் போடுறாங்க?

தோழர்களே, "ஷேர் மார்க்கெட் பக்கமே நாங்க போனதில்ல"ன்னு நம்மில் பலர் சொல்வோம். ஆனா பிஎஃப் பிடிக்கிற எல்லாருமே அங்கதான் இருக்கோம்!

2015 ஆகஸ்ட்ல இருந்து, புதுசா சேர்ற பிஎஃப் பணத்துல ஒரு பங்கு ஈடிஎஃப் வழியா சந்தைக்குப் போகுது. முதல்ல 5 சதவீதம், 2017ல 15 சதவீதம் ஆச்சு. எஸ்பிஐ, யூடிஐ மியூச்சுவல் ஃபண்டுகள் அதை நிஃப்டி 50 மாதிரியான குறியீடுகள்ல இருக்கிற கம்பெனிகளோட பங்குகளா வாங்குது. பங்கு இருந்தா ஓட்டு உண்டு. அந்த ஓட்டைப் போடுறது தொழிலாளி இல்ல, ஃபண்ட் நிர்வாகி.

அந்த ஓட்டுக்கு என்ன பவர்? ராயல் என்ஃபீல்டு பைக் தயாரிக்கிற ஐஷர் மோட்டார்ஸைப் பாருங்க. அதுவும் நிஃப்டி 50 கம்பெனிதான். பைக் உருவாகுறது நம்ம ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும்.

2021 ஆகஸ்ட்ல சித்தார்த்த லாலை மறுபடி நிர்வாக இயக்குநர் ஆக்கவும், அவர் சம்பளத்துக்கும் சேர்த்து ஒரே தீர்மானம் வந்துச்சு. சிறப்புத் தீர்மானம், 75 சதவீத ஓட்டு வேணும். புரமோட்டர் தரப்புகிட்டயே கிட்டத்தட்ட பாதிப் பங்கு இருந்தும் கிடைச்சது சுமார் 73 சதவீதம்தான். தீர்மானம் தோத்துச்சு. தோற்கடிச்சது பெரிய நிதி நிறுவனங்களோட ஓட்டு. சில நாள்லயே இயக்குநர் குழு இறங்கி வந்து, சம்பள உச்சவரம்பை லாபத்தில் 3 சதவீதத்துல இருந்து 1.5ஆ குறைச்சுது.

முதலாளியோட சம்பள வரம்பைப் பாதியாக்க முடிஞ்ச இந்த ஓட்டு, ஒரு கம்பெனியில காண்ட்ராக்ட் தொழிலாளர் எத்தனை பேர், அவங்க கூலி என்னன்னு கேட்டுச்சா? பதில் வராட்டி இயக்குநர் நியமனத்தை எதிர்க்குமா? ஃபண்ட் நிர்வாகியோட முதல் கணக்கு ரிட்டர்ன். அது தப்பில்ல, நம்ம ஓய்வுக்காலப் பணம்தான். ஆனா உழைக்கிறவனுக்கு ரிட்டர்ன் மட்டும்தான் கவலையா?

நம்ம கோரிக்கை ரெண்டே ரெண்டு.

1. பிஎஃப் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்காங்க. நம்ம பணத்தோட ஓட்டு எந்தக் கொள்கைப்படி விழணும்னு அந்தக் குழு முடிவு பண்ணணும்.

2. எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டு போட்டோம்னு மியூச்சுவல் ஃபண்டுகள் இப்பவே வெளியிடுது. யார் கண்ணுலயும் படாத ஆங்கில அறிக்கையா இல்லாம, அது தமிழ்ல நம்ம பிஎஃப் கணக்குலயே தெரியணும்.

பணம் நம்மளோடது. ஓட்டும் நம்மளோடதா இருக்கட்டும். உங்க கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்க!