கட்டத்துள் அடங்காதோ தமிழ்?

"முனையத்தின் கருந்திரைக்குத் தமிழ் ஒவ்வாது, ஆங்கிலமே பொருந்தும்" என்கின்றனர் நம் பிள்ளைகளே! படமின்றி, எழுத்துகளாலேயே பட்டியும் படிவமும் வரைந்து, விசைகளாலேயே இயக்கப்பெறும் கணிப்பொறித் திரையைச் சொல்கின்றேன். பண்பொழிக்கு அணித்தேயுள்ள மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் மென்பொருள் ஆக்குகின்றது. குற்றாலச் சாரலில் நனைந்தபடியே நம் இளைஞர் நிரலெழுதும் இந்நாளில் இப்பேச்சு பொறுக்கத் தக்கதன்று.

குறை தமிழில் இல்லை. அளந்தவன் கோலில் உள்ளது. 1978-இல் வெளிவந்த வீ.டி.100 முனையம் திரையை 80 பத்தியும் 24 வரியுமாகக் கட்டமிட்டது. ஆங்கில எழுத்தொன்றுக்குக் கட்டம் ஒன்று. இன்றும் அதே தடந்தான். ஒருங்குறியிலோ நம் உயிர்மெய் ஓரெழுத்தாக இல்லை. அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியுமாகப் பிளவுண்டு கிடக்கின்றது. 'பண்பொழி'யில் எழுத்து நான்கு, ஒருங்குறிக்கு ஏழு, மார்க்கசு கூன் எழுதிப் பலரும் பின்பற்றிய அகல அளவை நிரலுக்கோ ஆறு கட்டம்! நிரல் ஒரு கணக்கும் முனையம் வேறு கணக்கும் கொண்டால் பட்டியின் வலச்சுவர் சரியாமல் என் செய்யும்?

இன்னுங் கேளுங்கள். அவ்வளவையில் இகரக் குறிக்குக் கட்டம் ஒன்று. ஈகாரக் குறிக்குச் சுழி. எனவே 'கி' இரண்டு, 'கீ' ஒன்று! குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என நான் வகுப்பில் கற்பிப்பதைப் பொறி தலைகீழாக்குகின்றது. அஃது ஒலியளவு, இஃது இடவளவு என்பாருளர். இடவளவிலேனும் சரியா? தாளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அகலந்தானே!

சீனரும் சப்பானியரும் தம் முனையங்களில் ஓரெழுத்துக்கு இருகட்டம் எனத் தாமே வகுத்து வழங்கினர், உலகம் ஏற்றது. இங்கே? ஓரெழுத்துக்கு ஒரு குறி தரும் அனைத்தெழுத்துக் குறிமுறையை ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஆணையிட்டு ஏற்றது. ஆணை ஏட்டில், ஆங்கிலம் திரையில்.

எழுத்தையே அலகாகக் கொண்டு எண்ணுக. 'ர'வுக்கு ஒன்று, 'ணௌ'வுக்கு நான்கு என்றாங்கு 247 எழுத்துக்கும் கட்ட அட்டவணை ஒரு தாளில் அடங்கிவிடும். நிரலும் முனையமும் அவ்வொன்றையே நோக்கினால் சுவர் நிமிரும். புதிய முனையங்கள் சில எழுத்துக் கூட்டையே அலகாகக் கொள்ளத் தொடங்கிவிட்டன. நமக்கான அட்டவணையை அமெரிக்கன் வந்தா எழுதித் தருவான்? நிரலறிந்த இளைஞர் எவரேனும் வருக. பள்ளி விட்டபின் உடனமர்ந்து எழுத்தெழுத்தாய் அளந்து தர நான் அணியமாக உள்ளேன்.