தானாகத்தானே போனாள்?

‘கடத்தல்’ என்ற சொல்லைத் தமிழில் இரு பொருள்களில் கையாள்கிறோம். தங்கமும் மணலும் கடத்தப்படுகின்றன. வாசலில் விளையாடிய குழந்தையைக் காரில் தூக்கிச் சென்றாலும் அது கடத்தல்தான். வங்க மொழியின் ‘பாச்சார்’ என்ற சொல்லோ, எல்லை தாண்டி ஓட்டிச் செல்லப்படும் மாட்டுக்கும் விற்கப்படும் பெண்ணுக்கும் பொதுவாக வழங்குகிறது. இவ்வழக்குகள் எல்லாவற்றிலும் கடத்தப்படுவதற்குச் சொந்த விருப்பம் என ஒன்று இல்லை. ஆகவே, ஒரு பெண் தன் காலால் நடந்து, தானே ரயிலேறிப் போயிருந்தால், அதைக் கடத்தல் என்று ஏற்க நம் மொழியுணர்வு தயங்குகிறது. அவள் திரும்பி வரும்போது ஊர் கேட்கும் முதல் கேள்வி அந்தத் தயக்கத்தில்தான் பிறக்கிறது: “தானாகத்தானே போனாள்?”

சட்டம் இக்கேள்விக்கு என்றோ விடை சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு மனித வணிகத்தைத் தடை செய்கிறது. 2013-இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு, வன்முறையையும் ஆட்கவர்தலையும் மட்டுமன்றி, ஏமாற்றுதல், ஆசை காட்டுதல், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியவற்றையும் கடத்தலின் வழிமுறைகளாக வரையறுத்தது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இக்குற்றத்தைத் தீர்மானிப்பதில் பொருட்டல்ல என்றும் விளக்கியது. இன்று நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் இந்த வரையறை நீதிமன்றத்தை எட்டிய அளவுக்குக் கிராமத்துத் தேநீர்க் கடையை எட்டவில்லை.

மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியை எடுத்துக்கொள்வோம். 2009 மே மாதம் வீசிய ஐலா புயலில் கரைகள் உடைந்து உப்புநீர் வயல்களுக்குள் புகுந்தது. விளைச்சல் பொய்த்த வீடுகளிலிருந்து ஆண்கள் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் கூலி வேலைக்குக் கிளம்பினர். 2020 மே மாதம், பொதுமுடக்கக் காலத்தில், ஆம்பன் புயல் வந்தது. இத்தகைய வீட்டின் கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் முன்பின் அறியாதவர் அல்லர். தூரத்து உறவினராக, பக்கத்து வீட்டுக்காரராக, கைப்பேசியில் மாதக்கணக்கில் அன்பாகப் பேசிய இளைஞனாக இருப்பார். தில்லியில் வீட்டு வேலை என்பார். வரதட்சணை இல்லாத திருமணம் என்பார். வறுமைப்பட்ட வீட்டுக்கு இரண்டுமே நியாயமான வாய்ப்புகளாகத் தோன்றும். அந்தப் பெண்ணும் அவ்வாறே நம்பிப் புறப்படுகிறாள். வண்டி போய் நிற்கும் இடம் தில்லியின் ஜி.பி. சாலையாகவோ புனேயின் புத்வார் பேட்டையாகவோ இருக்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

கேனிங் ரயில் நிலையத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஒருமுறை பார்வையாளராக அமர்ந்திருந்தேன். பேசியவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள். ஆனால் அங்கே ஒலித்த வினைச்சொற்களில் பெரும்பாலானவை எதிர்மறை ஏவல்கள்: நம்பாதீர்கள், பேசாதீர்கள், போகாதீர்கள். அனைத்தும் சிறுமிகளை நோக்கியவை. கூட்டம் முடிந்தபின் ஓர் அங்கன்வாடிப் பணியாளர் எழுந்து, “போன பெண் திரும்பி வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அதை யாரும் சொல்லவில்லையே” என்றார். மேடையில் இருந்தவர்களிடம் அதற்கான பதில் இல்லை. எனக்கும் அன்று எதுவும் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்தே நம் விழிப்புணர்வுப் பணி தொடங்க வேண்டும் என்று இன்று கருதுகிறேன். விற்கப்பட்ட பெண்ணை அடைத்து வைக்கப் பூட்டும் அடியாளும் எப்போதும் தேவைப்படுவதில்லை. “இனி உன் வீட்டில் உன்னைச் சேர்க்க மாட்டார்கள்” என்ற ஒரு வாக்கியம் போதும். கடத்தியவன் அவளிடம் சொன்ன பிற யாவும் பொய். இது மட்டும் பல ஊர்களில் மெய்யாகிவிடுகிறது. அதை மெய்யாக்குபவர்கள் நாம்தான். ஊர் அவளை ஏற்கும் என்ற உறுதி இருக்குமானால், தப்பிக்கும் துணிவும், புகார் கொடுக்கும் துணிவும், அடுத்த வீட்டுப் பெண்ணை எச்சரிக்கும் துணிவும் அவளுக்கு வரும். ஊர் விலக்கினால், மீண்டும் அதே தரகரின் கையில் விழும் ஆபத்து அதிகம். மீண்டவரை ஆதரிப்பதும் கடத்தலைத் தடுப்பதும் ஒரே பணி என்று நான் சொல்வது இதனால்தான்.

திரும்பி வந்தவளுக்கு நடப்பது என்ன? விசாரணைக்கு வரும் காவல் வாகனம் வாசலில் நிற்பதே செய்தியை ஊருக்குப் பரப்பிவிடுகிறது. வழக்கு சொந்த மாவட்டத்தில் ஒன்று, மீட்கப்பட்ட நகரில் ஒன்று எனப் பிரிந்து கிடக்கிறது. பிணையில் வந்த தரகர் அதே தெருவில் நடமாடுகிறார். குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 357அ பிரிவும், இன்று அதன் இடத்திலுள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவும் இழப்பீட்டுக்கு வழி செய்கின்றன. குற்றவாளி அடையாளம் காணப்படாமல், வழக்கு விசாரணையே நடக்காத நிலையிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். இதை அறிந்த குடும்பங்கள் எத்தனை இருக்கும்? அறிந்தாலும், விண்ணப்பத்தின் மொழி அவர்கள் பேசும் மொழி அன்று.

“ஊரே அவளுக்கு ஆபத்தான இடம், காப்பகம்தான் பாதுகாப்பு” என்று சிலர் வாதிடுவர். இதில் உண்மை உண்டு. விற்றவர் சொந்தக் குடும்பத்தவராகவே இருக்கும்போது வீட்டுக்கு அனுப்புவது கொடுமை. ஆனால் விதிவிலக்கை விதியாக்க இயலாது. காப்பகத்தில் தங்கும் காலம் என்றேனும் முடியும். அதன்பின் அவள் போக வேண்டிய ஊரை அதுவரை யாரும் தயார்ப்படுத்தியிருப்பதில்லை. ஆள்கடத்தலுக்கு எதிரான இந்தியத் தலைவர்கள் மன்றம் என்ற பெயரில் மீண்டவர்களே ஒருங்கிணைந்து, சமூகத்துக்குள்ளேயே மறுவாழ்வு வேண்டும் என்று கோருகிறார்கள். 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் நிறைவேறாமல் காலாவதியான மசோதாவைப் போல் இன்னொன்று வருமானால், முதலில் இவர்களின் குரலைக் கேட்க வேண்டும்.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பாலினச் சொல்வழக்குக் கையேடு, இழிசொல்லுக்கு மாற்றாகப் ‘பாலியல் தொழிலாளி’ என்பதைப் பரிந்துரைத்தது. விற்கப்பட்டவரைத் தொழிலாளி என்பது பொருந்தாது என்று கடத்தலுக்கு எதிரான அமைப்புகள் சுட்டிக்காட்டிய பிறகு, கடத்தலிலிருந்து மீண்டவர், கட்டாயப்படுத்தப்பட்டவர் என்னும் வேறுபாடுகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. தம் விருப்பில் அத்தொழிலைச் செய்யும் வயதுவந்த பெண்ணின் கண்ணியத்தை 2022 மே மாத ஆணையில் அதே நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. இரு நிலைகளையும் ஒன்றாகக் குழப்புவது இரு சாராருக்கும் அநீதி. நம் நாளேடுகளோ இன்றும் ‘அழகிகள் மீட்பு’ என்று தலைப்பிடுகின்றன. விற்றவன், வாங்கியவன், மீட்கப்பட்டவள் யாவரையும் விட்டுவிட்டு, அவளது தோற்றத்தை மட்டும் அந்தச் சொல் படிப்பவர் முன் நிறுத்துகிறது.

ஆய்வுலகத்தினரும் இதற்கு விலக்கல்லர். மீண்ட பெண்ணைத் தேடிச் சென்று, “என்ன நடந்தது?” என்று மீண்டும் மீண்டும் சொல்ல வைத்து, அதைத் தரவு என்று எடுத்து வருகிறோம். அவள் ஏற்கெனவே காவலரிடமும் மருத்துவரிடமும் நடுவரிடமும் சொல்லி முடித்தவள். அந்தக் கேள்வியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்போம். நம் ஆய்வுக் கேள்வி ஊரை நோக்கியதாக இருக்கட்டும்: ஏற்றுக்கொண்ட ஊர்கள் எப்படி ஏற்றுக்கொண்டன? அங்கே முதலில் பேசியவர் யார்?

மொழி கற்றவர்கள் செய்யக்கூடிய எளிய வேலையும் ஒன்று உண்டு. இழப்பீட்டு விண்ணப்பத்தையும், சம்மதம் பொருட்டல்ல என்ற அந்த விளக்கத்தையும், 112, 181, 1098 என்னும் உதவி எண்களையும் அந்தந்த வட்டார வழக்கில் ஒரே தாளில் எழுதி, அங்கன்வாடிகளுக்கும் சுய உதவிக் குழுக்களுக்கும் கொடுக்கலாம். அத்தாளின் முதல் வரி, அந்தப் பணியாளர் கேட்ட கேள்விக்கான விடையாக இருக்கட்டும்: திரும்பி வந்தவளிடம் ஏன் போனாய் என்று கேட்காதீர்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.